ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி

"மூனு மணிக்கு எச்ஆர் உட்காருவாங்க. அதுக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும்," என்று சொல்லிவிட்டுக் கமலநாதன் நாற்காலியை இழுத்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

பக்கத்தில் யாராவது உட்கார்ந்து திரையைப் பார்த்தால் என் விரல்கள் ஓடாது. கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் கட்டளையில்கூட ஓர் எழுத்து விட்டுப்போகும். அவர் இந்தத் தொழிற்சாலையின் மேலாளர். தெலுக் பங்லிமா காராங் ஊரில், கடைச் சாப்பாட்டைத் தாப்பாவ் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போகும் பிளாஸ்டிக் டப்பாக்கள் செய்கிறார்கள். நான் பிரிக்பீல்ட்ஸில் மூன்றே பேர் இருக்கும் ஒரு நெட்வொர்க் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இங்கே நெட்வொர்க்குக்குக் காவலாக இருக்கும் ஃபயர்வாலை மார்ச் மாதம் பொருத்திக்கொடுத்தது நான். யாரும் கூட வராமல் தனியாக முடித்த முதல் வேலை. அன்று அதைப் படம் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். கறுப்புப் பெட்டி, பத்து பச்சை விளக்கு. யாருக்கும் எதுவும் புரியவில்லை. எனக்கு மட்டும் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஆடிட்டர் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஸ்டோர் பக்கமிருந்து, கம்பெனிப் பட்டியலில் இல்லாத ஏதோ ஒரு மெஷின், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எங்கேயோ பேசுகிறது. பூட்டிய பேச்சு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. மார்ச்சிலிருந்து நடக்கிறது. அந்த மாதங்களில்தான் இவர்கள் கொடுத்த விலையைவிடக் கொஞ்சமே குறைத்துக் கொடுத்து வேறொரு கம்பெனி மூன்று ஆர்டர்களைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

"ஸ்டோர்ல இருந்துதான் லா வருது. மார்ச்சுல இருந்து. அந்த ஊர்க்காரன் எப்ப வந்தான்? மார்ச். இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் கமலநாதன்.

ஊர்க்காரன் என்றால் ராஜேஷ்குமார். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், ஸ்டோர் கணக்கர். பெர்மிட் இந்தக் கம்பெனியின் பெயரில்தான் இருக்கிறது. இவர்கள் வெட்டினால் அந்த வாரமே விமானம் ஏற வேண்டும். திருட்டு என்று எழுதி வெட்டினால் மறுபடி இந்த நாட்டுப் பக்கமே வர முடியாது.

"மெஷின்தான் தெரியும் பாஸ். ஆள் தெரியாது."

"மெஷின் முன்னால யாரு உட்கார்ந்திருக்கா? பேயா?"

நான் ஃபயர்வாலில் ஓட்ட வந்த பேக்கெட் கேப்சர் என்பது வாசலில் ஒரு காவலாளியை நிறுத்துவது மாதிரிதான். உள்ளே வரும், வெளியே போகும் ஒவ்வொரு லோரியின் நம்பரையும், எங்கிருந்து எங்கே போகிறது என்பதையும் அவன் எழுதிக்கொள்வான். ஆனால் எதை எழுத வேண்டும் என்று சொல்லி நிறுத்த வேண்டும். அந்தச் சொல்லுக்குத்தான் ஃபில்டர் என்று பெயர். கமலநாதனின் மூச்சு என் காதில் பட்டுக்கொண்டிருந்தது. நான் ஃபில்டர் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ஸ்டார்ட்டை அழுத்திவிட்டேன்.

காவலாளி எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தான். இருநூறு பேரின் கைப்பேசிகள், கேமராக்கள், பிரிண்டர்கள், மெஷின்கள் அனுப்பும் எண்ணிக்கைகள். திரையில் வரிகள் மழைத்தண்ணீர் சாக்கடைக்கு ஓடுவது மாதிரி ஓடின. நாலாவது நிமிடம் பக்கம் உறைந்தது. ஃபயர்வாலுக்கு மூச்சுத் திணறினால் அதன் வழியாகப் போகும் எல்லாவற்றுக்கும் திணறும். வெளியே எடைமேடையில் கணினி நின்றுபோய், வரிசையாக லோரிக்காரர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள்.

"என்ன பண்ண நீ?" என்று எழுந்தார் கமலநாதன்.

"ரெண்டு நிமிஷம் பாஸ்."

"லோரி நிக்குது மா அங்க."

எடைமேடைக்கு ஓடினார். ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. பெட்டியை அணைத்துப் போட்டேன். எழுதினதெல்லாம் போய்விட்டது. விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிற வரைக்கும் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். இந்த முறை ஃபில்டர் கட்டத்தில் ஆடிட்டர் எழுதியிருந்த மெஷினின் முகவரியை மட்டும் போட்டேன். இதிலிருந்து போவதை மட்டும் எழுது.

திரை காலியாக இருந்தது. பத்து இருபத்தைந்துக்கு ஒரு வரி விழுந்தது. எங்கிருந்து, எங்கே. போகும் இடத்தைப் படித்தேன். மறுபடியும் படித்தேன்.

அந்த எண் என் அம்மாவின் கைப்பேசி எண்ணைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மாதாமாதம் நானே வாடகை கட்டும் சர்வர். விளையாட, கற்றுக்கொள்ள, உடைத்துப் பார்க்க வைத்திருப்பது.

மார்ச் முதல் வாரம் நான் எழுதின ஒரு விதி தப்பாகி, ஃபயர்வால் என்னையே வெளியே தள்ளிப் பூட்டிவிட்டது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கெசாஸ் நெடுஞ்சாலை ஜாமில் இரண்டு மணி நேரம் ஓட்டிவந்து சரிசெய்தேன். மறுநாள் மறுபடியும் அதே தப்பு, அதே ஜாம். மூன்றாம் நாள் ஒரு காலி மைலோ பானப்பொடி டின்னுக்குள் உள்ளங்கை அளவு கணினி ஒன்றை வைத்துக் கொண்டுவந்தேன். ஸ்டோரில் அலமாரிக்குப் பின்னால் காலியாக இருந்த நெட்வொர்க் பாயிண்டில் மாட்டினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது என் சர்வரைக் கூப்பிடும். எப்போது பூட்டிக்கொண்டாலும் அந்த வழியாக என் கட்டிலில் உட்கார்ந்தபடியே உள்ளே வரலாம். ஒரே வாரத்துக்குத்தான் என்று நினைத்தேன். பிறகு எதுவும் பூட்டிக்கொள்ளவில்லை. பூச்சோங்கில் புதுவேலை வந்தது. டின்னை மறந்தே போனேன்.

பத்து முப்பதுக்கு அடுத்த வரி விழுந்தது. நொடி பிசகவில்லை. அப்படித்தான் நான் எழுதியிருந்தேன்.

கதவு பாதி திறந்தது. ஒல்லியாக ஒருவர், கையில் கைப்பேசி, சட்டைப்பையில் இரண்டு பேனா.

"மேடம், ஒரு நிமிஷம் பேசலாங்களா? நான் ராஜேஷ்குமார். ஸ்டோரு."

உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

"நீங்க எல்லாத்தையும் பிடிக்கிற மெஷின் போட்டிருக்கீங்கன்னு சொன்னாங்க. நான் மறைக்க விரும்பல மேடம். பத்தரைக்கு பிரேக்ல கம்பெனி வைஃபைல வீட்டுக்கு வீடியோ கால் போடுவேன். அங்க அப்ப எட்டு மணி. பாப்பாவக் குளிப்பாட்டுற நேரம். அது பொறந்து நான் நேர்ல பார்த்ததில்ல. பத்து நிமிஷந்தான். இன்னிக்குப் போடல."

"அது இல்லீங்க," என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல் இருந்தது.

"அப்ப வேற என்னன்னு சொன்னீங்கன்னா..."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த வாசற்படியில் வைத்தே சொல்லியிருக்கலாம். "செக் பண்ணிட்டிருக்கேன்," என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். எதற்கு நன்றி என்று தெரியவில்லை.

கார் நிறுத்தும் இடத்துக்குப் போய் என் முதலாளி ராஜன் அண்ணனுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் யாரோ தேத்தண்ணி கலக்கும் கரண்டிச் சத்தம் கேட்டது.

"அண்ணே, அது நம்ம பெட்டி."

"நம்மன்னா?"

"என்னோடது." டின் கதையைச் சொல்லி முடித்தேன். கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

"அப்ப கேளு. அந்த அட்ரஸுக்கு ஒரு பிளாக் ரூல் போடு. டின்ன கழட்டி பேக்ல போடு. தெரியாத மெஷின், தடுத்தாச்சு, இனி வராதுன்னு ரிப்போர்ட் எழுதிட்டு வீட்டுக்கு வா. பொய் ஒன்னும் இல்ல லா அதுல."

"அவங்க ஆள் மேல போடப் பாக்குறாங்க அண்ணே. ஸ்டோர்ல ஒருத்தர்..."

"அது எச்ஆர் வேலை. நம்ம வேலை வயர்." கரண்டி மறுபடி ஒரு சுற்றுச் சுற்றியது. "ஷாமினி, கிள்ளான்ல இருந்து பூச்சோங் வரைக்கும் நம்ம கஸ்டமர் எல்லாம் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரிஞ்சவங்க. கஸ்டமர் வீட்டுக்கே கள்ளச்சாவி போட்டு வெச்சவங்கன்னு பேர் வந்துச்சுன்னா, அப்புறம் யாரு கூப்பிடுவா? உன்ன மட்டும் சொல்லல. என்னையும்தான்."

திரும்பி வந்து விதியை எழுதினேன். இந்த முகவரிக்குப் போவதெல்லாம் தடு. ஒரே வரி. சேமி என்ற பொத்தானுக்கு மேல் அம்பு நின்றது. அழுத்தினால் பேச்சு நின்றுவிடும். இதற்காகத்தான் இந்த வேலையை எனக்கு இவ்வளவு பிடிக்கும். ஒரு வரியில் உலகத்தின் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மார்ச்சிலிருந்து நிற்காத ஒன்று, ராஜேஷ்குமாருக்கு விஷயம் தெரிந்த இந்த நாளிலேயே நின்றால், கமலநாதன் என்ன சொல்லுவார்? "பார்த்தியா, மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டான்." நான் தடுத்தேன் என்று ரிப்போர்ட்டில் எழுதினாலும் யார் அனுப்பியது என்ற இடம் காலியாகவே இருக்கும். அந்த இடத்தில் போட அவரிடம் ஒரு பெயர் தயாராக இருக்கிறது. சேமிக்காமல் பக்கத்தை மூடினேன்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் ஸ்டோருக்குப் போனேன். காலியாக இருக்கும் என்று நினைத்தேன். ராஜேஷ்குமார் மட்டும் மேசையில் இருந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார், சாப்பிடவில்லை. நான் நேராக அலமாரிக்குப் பின்னால் கையை விட்டேன். ஒரு துளி தூசி இல்லை. டின் பளபளவென்று இருந்தது. வயர் தொங்காமல் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது.

"அது உங்களதா மேடம்?" என்று பின்னாலிருந்து கேட்டார். "கம்பெனிப் பொருள்னு நினைச்சு நாந்தான் வாராவாரம் தொடச்சு வைப்பேன். வயரு லூசு. அப்பப்பக் கழண்டுக்கும். பச்சை லைட் எரியலன்னா நாந்தான் திருப்பி அழுத்தி விடுவேன்."

டின் என் கையில் சூடாக இருந்தது. மார்ச்சிலிருந்து அதை உயிரோடு வைத்திருந்தவர் இவர். எச்ஆர் கேட்டால் இதையும் இப்படியே சொல்லுவார். மறைக்க விரும்பல மேடம் என்றுதான் தொடங்குவார்.

"இதப் பத்தி யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலயே."

மூன்று மணிக்கு மீட்டிங் அறையில் நான்கு பேர் இருந்தோம். எச்ஆர் அதிகாரி நூர்ஜஹான் ஒரு தடித்த கோப்பை மேசையில் வைத்திருந்தார். மேலே பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் ஒட்டியிருந்தது. அதில் ராஜேஷ்குமாருக்கு இன்னும் கொஞ்சம் கன்னம் இருந்தது. நேரில் அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

என் மடிக்கணினியின் திரையைச் சுவரில் விழும்படி போட்டேன். ஃபில்டர் கட்டத்தில் காலையில் போட்டிருந்ததை அழித்தேன். எங்கிருந்து என்பதை எடுத்துவிட்டு, எங்கே என்பதை மட்டும் வைத்தேன். என் சர்வரின் முகவரிக்கு யார் பேசினாலும் எழுது, வேறு எதையும் எழுதாதே. யாருடைய பாப்பாவும் இதில் வராது. சுவர் வெள்ளையாக இருந்தது.

"ஒன்னும் இல்லையே," என்றார் கமலநாதன். "நிறுத்திட்டானா?"

"இல்ல பாஸ். நான் கழட்டிட்டேன்."

பையிலிருந்து டின்னை எடுத்து மேசையில் வைத்தேன். நினைத்ததைவிடச் சத்தமாகவே வைத்துவிட்டேன். நூர்ஜஹான் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இது என்ன, மைலோவா?" என்றார் கமலநாதன்.

"ஆடிட்டர் எழுதின மெஷின் இதான். என்னோடது. மார்ச்சுல நான் வெச்சது. உங்ககிட்டயும் கேக்கல, என் பாஸ்கிட்டயும் சொல்லல. உங்க விலை எதுவும் இதுல போகல. இவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

கமலநாதன் என்னைப் பார்த்தார், ராஜேஷ்குமாரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். காலையில் இருந்த கோபம்கூட அந்த முகத்தில் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"காலையில அவன் உன் ரூமுக்கு வந்தான். பார்த்தவங்க இருக்காங்க," என்றார். "என்ன சொன்னான் உன்கிட்ட? அழுதானா?"

ராஜேஷ்குமாருக்காக நான் பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்று நினைக்கிறார். இதை எதிர்பார்த்துத்தான் டின்னைக் கொண்டுவந்திருந்தேன். சுவரோரம் இருந்த பாயிண்டில் வயரைச் சொருகி, டின்னுக்கு மின்சாரம் கொடுத்தேன். "மூனு பத்துக்கு இங்க இருந்து கூப்பிடும். எல்லாரும் இங்கதான் இருக்கோம். ஸ்டோர்ல யாரும் இல்ல. சுவரப் பாருங்க பாஸ்."

மூன்று எட்டு. நூர்ஜஹான் பேனா மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். என் கைப்பேசி மேசையில் அதிர்ந்தது, ராஜன் அண்ணன் பெயர். நான் எடுக்கவில்லை. மூன்று ஒன்பது. டின்னின் பக்கவாட்டில் ஆணியால் நான் போட்ட ஓட்டை இருட்டாகவே இருந்தது. விளக்கு எரியவில்லை. வயர் லூசு என்று மதியம் ஸ்டோரில் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ராஜேஷ்குமார் நாற்காலி நுனியிலிருந்து எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. மேசைக்கு மேல் குனிந்து, கட்டைவிரலால் அந்த வயரை, வாராவாரம் செய்கிற மாதிரி, மெதுவாக உள்ளே அழுத்தினார். ஓட்டைக்குள் பச்சை ஒருமுறை சிமிட்டியது. அவர் விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். கமலநாதன் சுவரைப் பார்க்கவில்லை, அந்த வயரை முன்பே பழகியிருந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.