நகராத செவ்வாய்

நூலக மொட்டை மாடியில் வரிசையில் நின்றவர்களுக்கு, செவ்வாய்க் கிரகம் என்று பல் டாக்டர் தன் தொலைநோக்கியில் காட்டிக்கொண்டிருந்தது, எதிர்த் தெருக் கட்டட வேலைக் கிரேனின் உச்சியில் எரிந்த சிவப்பு விளக்கை.

பார்த்தவர்கள் எல்லோரும் "ஆகா!" என்றார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டருக்கு வாயெல்லாம் பல். அத்தனையும் சொந்தப் பல். பூமி சுற்றுவதால் எந்தக் கிரகமும் தொலைநோக்கியை விட்டு நழுவிக்கொண்டே போகும். குழாயைத் தள்ளித் தள்ளித்தான் பிடிக்க வேண்டும். அன்றைக்கோ செவ்வாய் ஆணி அடித்தாற்போல் நின்றது. "எப்படிப் பிடிச்சு வச்சிருக்கேன் பாருங்க!" என்று பெருமை வேறு.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் அம்மாள்தான் மாதந்தோறும் இங்கே வானம் காட்டும் வானியல் கழகத்தின் தலைவி. அவர் வந்து குனிந்தார்.

"டாக்டர், உங்க செவ்வாயிலேருந்து ஒருத்தர் தலைகீழா ஏணியில போறார். கையில டிபன் டப்பா வேற."

இந்தக் குழாயில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். கிரேன்காரருக்கு வேலை முடிந்துவிட்டது. டாக்டரின் மானம் கப்பலேறியது.

"இத்தனை பேர் பாத்தாங்களே, ஒருத்தர்கூட வாயைத் திறக்கலையே!"

"உங்க முன்னாடி எவன் வாயைத் திறப்பான்?" என்றார் தலைவி. "இன்னைக்கு ஒருத்தராவது நிஜக் கிரகத்தைப் பாத்துட்டு விவரமாச் சொல்லணும். இல்லாட்டி அடுத்த மாசம் நீங்க கீழ பார்க்கிங். விசில் நான் தர்றேன்."

டாக்டர் தானே கண்ணாடி தேய்த்துச் செய்த தொலைநோக்கி அது. அதை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு ஸ்கூட்டர்களை ஒதுக்கி நிறுத்துவதா? அவசரமாகச் சனிக் கிரகத்தைப் பிடித்துத் திரும்பினால், கூட்டம் சிரித்தபடி படியிறங்கிவிட்டிருந்தது. மிச்சம், ஃபிளாஸ்க்கும் கையுமாக நாற்காலியில் மனைவி. வானத்தில் எதைக் காட்டினாலும் "நல்லா இருக்குங்க" என்பார். டாக்டரின் சமையலுக்கும் அதே பதில்தான்.

"வாம்மா, பாரு."

குனிந்தார். "நல்லா இருக்குங்க."

தலைவி விசிலை வெளியே எடுத்தார்.

"உள்ளதைச் சொல்லும்மா. என்ன தெரியுது?"

"கோவிச்சுக்க மாட்டீங்களே? இத்தனை வருஷமா இதுல எனக்குத் தெரிஞ்சது என் கண் இமை முடிதான்."

"அப்புறம் எதுக்கு மாசாமாசம் வந்து குளிர்ல உக்காந்தே?"

"நீங்க வர்றீங்களே."

டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை காலமும் அவர் தன் கண்ணுக்குத் திருகி வைத்ததைத்தான் ஊரே பார்த்திருக்கிறது. மனைவியின் விரலை எடுத்து, காட்சியைத் தெளிவாக்கும் திருகின் மேல் வைத்தார்.

"இமையை ஒட்டாதே. உன் கண்ணுக்கு நீயே திருப்பு."

மனைவி திருப்பினார். திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு கை நின்றது.

"என்னம்மா?"

"சின்ன உருண்டைங்க. சுத்தி ஒரு வளையம், ஒட்டாம நிக்குது... ஐயோ, ஓரத்துக்கு ஓடுது! தள்ளுங்க, குழாயைத் தள்ளுங்க!"