நாலாம் கிளாஸ் கட்டிய டவுண்

முத்துநாயகம் எதையும் நேராகக் கேட்கிற மனுஷன் இல்லை. மாடு வாங்கப் போனால் முதலில் ஆட்டைப் பற்றி விசாரிப்பார். ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு அவர் வந்து உட்கார்ந்து, கூரை ஒழுகுகிறதா, கிணற்றுக் கயிறு புதிதா, பிள்ளைகளுக்குச் சிரங்கு தேவலையா என்று அரைமணி நேரம் அன்பாக விசாரித்தபோது நேசபாய் டீச்சர் உஷாரானாள். அவள் வடசேரிச் சந்தையில் ஜவுளி விற்ற மத்தியாஸின் மகள். விசாரிப்பு நீள நீள, பின்னால் வரப்போகிற விலை பெரிசு என்பது அவளுக்குப் பால்குடி காலத்திலேயே தெரியும்.

விலை கடைசியில்தான் வந்தது. பூதப்பாண்டியிலிருந்து இரண்டு மைலில் இருக்கிற, அப்போது மலையாள ராஜ்யத்தோடு சேர்ந்து ஓணத்துக்கு லீவு விட்ட மருதவிளைப் பள்ளிக்கூடத்துக்கு முத்துநாயகம்தான் மானேஜர். அரிசி மில்லும் அவருடையது. பள்ளிக்கூடம் நிற்கிற இடத்தை அவருடைய அப்பா பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். பின்னால் கிடக்கிற ஐம்பது சென்ட் மைதானத்தை வாயால் மட்டும் கொடுத்திருந்தார். வாயால் கொடுத்தவர் செத்துப்போனார். வாங்கிய பள்ளிக்கூடத்துக்கு வாய் கிடையாது.

"சும்மா கெடக்க எடம்தானே டீச்சரே. ஓண லீவு முடியச்சில கன்னிப்பூ அறுப்பு வந்திரும். வேலியைப் போட்டு நெல்லு காயப்போட ஒரு களமா ஆக்கிக்கிடலாம்ணு பாக்கேன்."

ஹெட்மாஸ்டர் ஞானசிங் அதற்குள் நாலு தடவை தலையாட்டியிருந்தார். மானேஜரின் செருப்புச் சத்தம் கேட்டாலே ஆடத் தொடங்குகிற தலை அது.

"சும்மா கெடக்கல்லியே மொதலாளி. இந்த ஓணப் பரீட்சைக்குள்ள அதுல ஒரு டவுண் வருது," என்றாள் நேசபாய்.

அதைச் சொன்ன நிமிஷத்தில் அவளிடம் டவுணும் கிடையாது, ஒரு தெருவும் கிடையாது. டிரெயினிங் பள்ளியில் படித்தபோது, ஒரு பருவத்துப் பாடம் முழுவதையும் ஒரே காரியத்தில் கோர்த்து நடத்தலாம் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கூடப் படித்தவர்கள் காய்கறித் தோட்டம் என்றும் கோழி வளர்ப்பு என்றும் எழுதித் தேறினார்கள். டவுண் என்று ஏன் தன் வாயில் வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை. இடம் பெரிசாக வேண்டியிருக்கும் என்பதால் வந்திருக்கலாம்.

முத்துநாயகம் சிரித்தார். "வரட்டும், நல்லா வரட்டும். ஓணம் வரைக்கும் வரட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலமே அவள் நீள நோட்டு ஒன்றில் பன்னிரண்டு வாரத்துக்குத் திட்டம் எழுதினாள். முதல் வாரம், இடம் பார்ப்பது: மழை பெய்தால் மைதானத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது. இரண்டாம், மூன்றாம் வாரங்கள் அளவு. டவுணில் பத்தடி என்றால் மைதானத்தில் ஓரடி, அதில் பெருக்கலும் வகுத்தலும் அடங்கிவிடும். பிறகு தெரு. பிறகு சாக்கடை. ஆறாம் வாரம் காற்று. அப்புறம் டவுண் கமிட்டிக்கு மனு எழுதுவது. அது கட்டுரைப் பாடம். பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவது. ஞானசிங் சார் நோட்டை வாங்கி இரண்டு தரம் புரட்டிவிட்டு, இதில் சரித்திரம் எங்கே என்று கேட்டார்.

"டவுணுக்குக் கொஞ்சம் வயசாகட்டும் சார், சரித்திரம் தானே வந்திரும்," என்றாள்.

முதல் முட்டுக்கட்டை நாலாம் வாரத்தில் வந்தது. அவளுடைய நாலாம் கிளாசில் முப்பத்தொரு பிள்ளைகள். டவுணில் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது இருபத்தாறு பேர் கடை என்றார்கள், அதுவும் நாலு ரோடு சேருகிற முக்கில். மூன்று பேருக்கு பஸ் வேண்டும். ஒருத்தன் போலீஸ். வீடு வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. பள்ளிக்கூடம் வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாததில் டீச்சருக்கு ஆச்சரியம் இல்லை.

கடைசி பெஞ்சில் இருந்த சண்முகவடிவு மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாரும் கடைக்குள்ள இருந்தா, வாங்கதுக்கு ஆரு டீச்சர் வருவா?"

அவள் மாட்டுத் தரகர் சுடலையாண்டியின் மகள். பத்து வயசு. பேச்சு குறைவு, கண் மட்டும் எதிராளியின் முகத்தில் மேய்ந்துகொண்டே இருக்கும். டீச்சர் அங்கேயே அவளைக் கமிட்டித் தலைவியாக்கினாள். மறுநாள் சண்முகவடிவு அப்பாவின் பழைய துண்டு ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவது இல்லை. விற்பவனும் வாங்குபவனும் கையைக் கோர்த்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்துப் பேரம் நடக்கும். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, கை முழுக்கப் பிடித்தால் அஞ்சு. சுற்றி நூறு பேர் நின்றாலும் தொகை அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். படிந்து கையை எடுத்த பிறகு பேச்சு மாறினால், அடுத்த சந்தையில் அவனிடம் ஒருவனும் கை நீட்ட மாட்டான்.

சண்முகவடிவு போட்ட சட்டம் எளிமையானது. வீடு கேட்டால் சும்மா கிடைக்கும். கடை கேட்டால் டவுணுக்குச் சாக்கடை தோண்ட வேண்டும். எத்தனை அடி என்பது துண்டுக்குள். மூன்றே நாளில் பத்தொன்பது பேருக்கு வீட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. வகுப்பில் சத்தமும் ஓய்ந்தது. பேரம் வாயால் இல்லையே. ஞானசிங் சார் வாசலில் வந்து நின்று பார்த்து, இவ்வளவு ஒழுக்கத்தைத் தன் பதினெட்டு வருஷ சர்வீசில் கண்டதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

முக்கில் நாலு மூலை. ஒன்று தபாலாபீசுக்கு, ஒன்று கிணற்றுக்கு. மூன்றாவதை ஜவுளிக்கடைத் தாணுமாலயனின் மகன் சிவதாணு பிடித்தான். எத்தனை அடிக்குப் படிந்தான் என்று வெளியே தெரியாது. இரண்டு வாரம் கை கொப்புளிக்கத் தோண்டினான் என்பது மட்டும் தெரியும். நாலாவது மூலையை டீச்சர் காலியாக வைக்கச் சொன்னாள். எதற்கு என்று சண்முகவடிவு கேட்டபோது, நல்ல சரக்கைக் கடை திறந்ததுமே எடுத்து வெளியே போடக்கூடாது என்று எங்கப்பா சொல்லுவாவ என்றாள் டீச்சர். தரகர் மகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆடி பிறந்ததும் காற்றுப் பாடம். பிள்ளைகள் மைதானத்தின் நாலு பக்கமும் ஓலைச் சூட்டு கட்டிக் கொளுத்திப் புகை போகிற திசையைக் குறித்தார்கள். காற்று மேற்கே இருந்து அடித்தது, புகை எல்லாம் கிழக்கே போனது. ஆகவே புகையும் தூசியும் நாற்றமும் உள்ள சங்கதிகள் டவுணின் கிழக்குக் கோடியில் இருக்க வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. சுடுகாடு அங்கே போனது. பொதுக் கக்கூஸ் அதன் பக்கத்தில். உமித் தூசி பறக்கிற அரிசி மில் இரண்டுக்கும் நடுவில். ஊரில் அவர்களுக்குத் தெரிந்த மில் ஒன்றுதான் என்பதால், ஜெபகனி என்கிற பெண் பலகைத் துண்டில் கரியால் 'முத்துநாயகம் அரிசி மில்' என்று குண்டு குண்டாக எழுதி நட்டாள்.

மைதானத்தை ஒட்டித்தான் பஸ் ரோடு. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை. செங்கல் துண்டு அடுக்கிய தெருக்களையும், முருங்கைக் கொம்பு நட்ட நிழற்சாலையையும், மழைத் தண்ணீர் சாக்கடையில் வரிசை தப்பாமல் ஓடுவதையும் பார்த்துப் பார்த்து அவர்களும் அந்த டவுணில் குடியேறிவிட்டார்கள். தாணுமாலயன், மகனுக்கு வந்த கௌரவத்தில் குளிர்ந்துபோய், பெயின்டரைப் பிடித்து அசல் தகர போர்டு எழுதி அனுப்பினார். கடைக்குத் துணி எடுக்க வந்தவர்களையும், முதலில் நம்ம கிளையைப் பாத்துட்டு வருவோம் என்று அழைத்துக்கொண்டு போனார். டீக்கடையில் முத்துநாயகம் டம்ளரைக் கையில் எடுத்தால் போதும், யாராவது ஒருத்தன் ஆரம்பித்துவிடுவான். அண்ணாச்சிக்கு யோகம்தான், மில்லில் இருந்து சுடுகாட்டுக்கு வண்டிக் கூலி மிச்சம் என்பான். இன்னொருத்தன் கக்கூஸை நினைவுபடுத்துவான்.

முத்துநாயகம் முதலில் சிரித்தார். பிறகு டீயை வீட்டுக்கு வரவழைத்தார். நாலு நாள் யோசித்ததில் ஒன்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஓணம் கழிந்து வேலி போட்டால், களத்துக்காகப் போட்டான் என்று ஊர் சொல்லாது. சுடுகாட்டுப் பக்கம் இடம் கொடுத்த கோபத்தில் சின்னப் பிள்ளைகளின் டவுணைத் தட்டி நிரத்தினான் என்றுதான் சொல்லும். போடாவிட்டால் நெல் காயாது. சொல்லுக்கும் நெல்லுக்கும் நடுவில் கிடந்து புழுங்கினார்.

கடைசி வெள்ளிக்கிழமை ஊரே மைதானத்தில் நின்றபோது வந்தார். முதலில் கூரை ஒழுகுகிறதா என்று கேட்டார். கிணற்றுக் கயிற்றையும் கேட்டார். சிரங்குக்கு வந்தபோது நேசபாய்க்குத் தெரிந்துவிட்டது, மனுஷன் வாங்குவதற்கு வந்திருக்கிறார். வெற்றிலையை இந்தக் கன்னத்தில் இருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு அவர் காலி மூலையைப் பார்த்தார். முக்கில் தன் பேரில் ஒரு கடை நின்றால் சுடுகாட்டுப் பேச்சு அடங்கிவிடும்.

"அந்த எடம் ஆருக்கு டீச்சரே?"

"நான் பாடம் சொல்லிக்குடுக்கவ, மொதலாளி. எடத்துக்குக் கமிட்டியிட்ட கேக்கணும்," என்றாள் நேசபாய், சண்முகவடிவைக் காட்டி.

கூட்டம் நகர்ந்து வட்டம் போட்டது. முத்துநாயகம் குனிந்து, "ஏட்டி மக்கா, மாமாவுக்கு அதுல ஒரு அரிசிக்கடை வச்சுக் குடேன்," என்றார். பைக்குள் கைவிட்டு ஒரு எலந்தவடைப் பொட்டலத்தையும் காட்டினார்.

சண்முகவடிவு பொட்டலத்தைப் பார்க்கவே இல்லை. "சாக்கடை எல்லாம் தோண்டியாச்சு மொதலாளி. இந்த மூலைக்கு வெல வேற. எத்தனை போகத்துக்கு நீங்க இந்த எடத்துல களம் போடாம இருப்பியோ, அதான் வெல." துண்டை உதறி விரித்தாள்.

ஒரு வருஷம், அதாவது இரண்டு போகம் விட்டுக்கொடுங்கள் என்று தானே கெஞ்சிக் கேட்கலாம் என்றுதான் நேசபாய் இருந்தாள். அதற்கு இரண்டு வாக்கியம் மனப்பாடமும் பண்ணியிருந்தாள். இப்படிச் சபையில் துண்டு விழும் என்று நினைக்கவில்லை. இனி வாயைத் திறக்கவும் முடியாது. பேரத்துக்கு நடுவில் மூன்றாம் ஆள் பேசுவது சந்தை வழக்கம் இல்லை.

முத்துநாயகம் சுற்றிலும் பார்த்துச் சிரித்துக்கொண்டே, விளையாட்டுப்போல கையை நீட்டினார். துண்டு விழுந்தது. உள்ளே ஏதோ அசைந்தது. அவர் சிரிப்பு பாதியாயிற்று. மறுபடி அசைந்தது, இந்த முறை துண்டின் ஓரம் வரைக்கும் ஆடியது. சண்முகவடிவின் முகம் கழுவி வைத்த சிலேட்டு மாதிரி இருந்தது. முத்துநாயகத்தின் காது மடல் சிவந்தது. அவர் கையை உருவப் பார்த்தது எல்லாருக்கும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத் தாணுமாலயன் தொண்டையைச் செருமினார்.

"முடியல்லைண்ணா விட்டிரும் அண்ணாச்சி. பிள்ளைய கிட்ட என்ன மல்லு. அந்த மூலையையும் நானே எடுத்துக்கிடுதேன், ரெண்டு கடையாப் போச்சு."

முத்துநாயகம் அவரைப் பார்த்தார், தகர போர்டைப் பார்த்தார், கிழக்குக் கோடியைப் பார்த்தார். துண்டு ஒரு தரம் அழுத்தமாக ஆடி நின்றது. அவர் கையை வெளியே எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"படிஞ்சுது," என்றார்.

திங்கட்கிழமை நாலாவது மூலையில் தாணுமாலயனின் போர்டைவிட ஒரு சாண் அகலமான போர்டு வந்து நின்றது. ஓணம் வந்து போனது. கன்னிப்பூ அறுப்பில் முத்துநாயகத்தின் நெல் பஸ் ரோட்டின் ஓரத்தில் பாய் பாயாகக் காய்ந்தது. மைதானத்துக்கு வேலி வரவில்லை.

எத்தனை போகம் என்று, துண்டு விழுந்த அன்றைக்கே டீச்சர் சண்முகவடிவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். அடுத்த வருஷத்துக்குத் திட்டம் எழுத வேண்டும், அதற்கு மட்டும்தான் என்றாள்.

"துண்டுக்குள்ள பேசுனதை வெளிய சொல்லப்பிடாது டீச்சர். எங்கப்பா தோலை உரிச்சிருவாவ."

"நான் உன் டீச்சர் இல்லியாட்டி? எங்கிட்டச் சொல்லதுக்கு என்ன?"

அவள் டீச்சரின் முகத்தில் கண்ணை மேயவிட்டாள். "வேணும்ணா மொதலாளியிட்டக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் மறந்துபோன மனுஷனுக்கும் ஞாபகம் வந்துவிடும். ஆகவே நேசபாய் ஒவ்வொரு ஜூனிலும் நீள நோட்டை எடுத்து, 'முதல் வாரம், இடம் பார்ப்பது' என்று புதிதாகத் தொடங்கினாள். சண்முகவடிவு பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு அறுப்பு முடியும்போதும் முத்துநாயகம் ஒருநாள் மைதானத்தின் ஓரத்தில் வந்து நிற்பார். தன் கடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உதடு அசைய விரல் விட்டு எண்ணுவார். எந்த விரலில் நிற்கிறார் என்று பார்க்க டீச்சர் ஜன்னலில் எட்டி நிற்பாள்.

ஒருதரமும் தெரிந்தது இல்லை. எண்ணுவதற்கு முன்னால் அவர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொள்வார்.