தொங்கினால் ஐம்பத்திரண்டு

2004-இல் ஒரு கிரீம் கம்பெனிக்காரன் கம்பத்தில் என் ஃபேன்சி கடைக்கு நிறம் அளக்கும் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். கையில் வைத்தால் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும். தோலில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை எண்ணாகக் காட்டும். எண் கூடினால் வெளுப்பு, குறைந்தால் கறுப்பு. யா அல்லா, அது வந்த நாளிலிருந்து தெருவில் ஒருத்திக்கும் நிம்மதி இல்லை.

ஒரே வாரத்தில் அந்தச் சனியனின் குட்டு எனக்குத் தெரிந்துவிட்டது. கையைத் தொங்கப் போட்டால் தோலில் ரத்தம் தேங்கி எண் குறையும். ஒரு நிமிடம் தலைக்கு மேல் தூக்கினால் ரத்தம் வடிந்து எண் ஏறும். மூன்று, நான்குதான். போதாதா?

ஒரு வியாழக்கிழமை அம்சத் பீவி மாமி வந்தார். அவர் மகன் அஷ்ரப்புக்கு என் அக்கா மகள் சுமையாவைப் பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்கு அவன் மேல் உயிர். மாமிக்குத்தான் அவள் நிறம் பிடிக்கவில்லை.

"என்னையவிடக் கொறையக் கூடாது நசீமா. கொறஞ்சா பேச்சை இத்தோட விட்ருவோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு மிஷினை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். சிரித்துக்கொண்டே, "கைய நல்லாத் தொங்க விடுங்க மாமி" என்றேன். கடையில் நின்ற சுமையாவை மேல் தட்டில் வளையல் பெட்டி தேடச் சொன்னேன். கைகளைத் தூக்கியபடி அவள் தேடு தேடென்று தேடினாள்.

மாமிக்கு ஐம்பத்திரண்டு. சுமையாவுக்கு ஐம்பத்து நான்கு!

மாமி நம்பவில்லை. மிஷினைத் தட்டினார், துடைத்தார், என்னோடு மல்லுக்கட்டினார். பிறகு தொங்கிக்கொண்டிருந்த சுமையாவின் கையில் மறுபடி வைத்தார். ஐம்பது.

"அடியே, அஞ்சு நிமிசத்துல ஒரு புள்ள கறுத்துருமா?"

நான் ஒரு பொய்யைத் தேடுவதற்குள் சுமையா முந்திக்கொண்டாள்.

"மொத நான் கையத் தூக்கி வச்சிருந்தேன் மாமி. உங்களத் தொங்கப் போடச் சொன்னாக சாச்சி. தூக்குனா ரத்தம் வடிஞ்சு வெளுப்பாக் காட்டும்."

பாவி மகள்! சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன்.

மாமி தன் கையைத் தூக்கி நின்று அளந்தார். ஐம்பத்தைந்து. தொங்கவிட்டு அளந்தார். ஐம்பத்திரண்டு. முகம் சுருங்கிப்போனது.

"அப்ப நிக்காஹ் அன்னைக்குக் கையத் தூக்கிக்கிட்டே நிக்கப் போறியாடி?"

"நீங்க மிஷினத் தூக்கிட்டு வராம இருந்தா நான் எதுக்கு மாமி கையத் தூக்கணும்?"

மாமிக்குத் திடீரென்று சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த வாய வேற வீட்டுக்கு விடக் கூடாது நசீமா. நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் பூவோட வாறோம்."