பள்ளம் வடியும்வரை

"மழை வந்துச்சாடி?" என்று அக்கா கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் போன வாரத்தோடு நின்றுவிட்டன.

"இன்னும் இல்லக்கா."

"வானிலை சொல்றவன்கூட இத்தனை தடவை வானத்தப் பாத்திருக்க மாட்டான். இங்க பாரு, திங்கக்கிழமை ஒரு பொண்ணு வேலை கேட்டு வர்றா. நல்ல கைன்னு சொல்றாங்க. வர்றேன், வரலைன்னு அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடு. காலி நாற்காலிய எத்தனை நாளைக்குத் துடைச்சு வைக்கிறது?"

தங்கை பின்வாசல் படியில் நின்றபடி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஏற்கெனவே துவைத்துக் காய்ந்த துணிகளை மறுபடி உதறிக்கொண்டிருந்தாள். உதறுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. கைகளுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. காலையிலிருந்து சமையலறை அலமாரியை இரண்டு முறை மாற்றி அடுக்கியாகிவிட்டது. மாமனார் தன் கட்டிலில் இருந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, பாத்திரங்களுக்கு வேற இடத்துல வேலை மாத்தல் வந்திருக்கா?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். சிரித்த பிறகு, அவருக்கு ஏதாவது தெரிந்திருக்குமோ என்று நினைத்து அடுத்த தட்டைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

அக்காவின் கடை நகரத்தில், ஒரு படிக்கட்டின் அடியில் இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை. கல்யாணத்துக்கு முன்பு நான்கு வருடம் அவள் அங்கே வேலை செய்திருக்கிறாள். வட்டமாக வரும் வில்லையைச் சட்டத்தின் வடிவத்துக்கு ஏற்ப ஓரம் தேய்த்து, பொருத்தி, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். விரல் ரேகை ஒன்றுகூட இருக்கக் கூடாது. பிறகு முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அதை மாட்டிக்கொண்டு தெருவைப் பார்ப்பார். எதிர்க் கடையின் பலகையை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படிப்பார். அந்த நிமிடத்துக்காகவே அவள் வேலைக்குப் போனாள் என்று சொல்லலாம். இங்கே வந்த பிறகு அவள் செய்யும் எந்த வேலைக்கும் அப்படி ஒரு முடிவு வாய்க்கவில்லை. விதைத்தால் காத்திருக்க வேண்டும். காத்திருந்த பிறகும் பள்ளம் இருந்தது.

பள்ளம் வயலின் நடுவே இருந்தது. வெறும் கண்ணுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தட்டையான தட்டின் நடுப்பகுதி கொஞ்சம் அமுங்கியிருப்பது போல, அவ்வளவுதான். ஒரு நல்ல மழை பெய்தால் போதும், சுற்றியுள்ள தண்ணீர் முழுவதும் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். அடியில் களிமண். போக வழியில்லாமல் நாள்கணக்கில் நிற்கும். மக்காச்சோளக் கன்றுகள் முதலில் மஞ்சளாகும், பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகச் சாயும். பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று, "மீன் விட்டாலாவது ஏதாச்சும் தேறும்" என்பார். கணவன் அதற்குச் சிரித்துவிட்டு வருவான். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தச் சிரிப்பைக் கழற்றிச் செருப்போடு வெளியே விட்டுவிடுவான்.

செடி தண்ணீரை அதிகமாகக் குடித்துத்தான் சாகிறது என்று அவள் முதலில் நினைத்திருந்தாள். "குடிச்சு இல்ல, மூச்சு முட்டி" என்று அவன்தான் சொன்னான். மண்ணுக்குள் சின்னச் சின்னப் பொந்துகள் இருக்கின்றன. அவற்றில் இருக்கும் காற்றைத்தான் வேர் சுவாசிக்கிறது. தண்ணீர் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஓரிரண்டு நாள் தாக்குப்பிடிக்கும், அதற்குமேல் இல்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து பள்ளத்தைக் கடக்கும்போதெல்லாம் அவள் தன்னை அறியாமல் ஒரு முறை மூச்சை ஆழமாக இழுத்துவிடுவாள்.

இந்த விதைப்புக்கு முன்னால், பள்ளத்துத் தண்ணீரை வடிக்க மண்ணுக்கடியில் குழாய் பதிக்க ஆள் வந்தார். எல்லோரும் அவரைப் பெருச்சாளி என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார். அவருடைய இயந்திரத்தின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கத்தி இருந்தது. அது மண்ணைப் பிளந்துகொண்டே போக, அதே பிளவுக்குள் ஒரு பெரிய சுருளிலிருந்து கறுப்புக் குழாய் இறங்கிக்கொண்டே இருந்தது. வயலின் ஓரத்தில் முக்காலிமேல் ஒரு கருவி சுழன்று, கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடு ஒன்றை வயல் முழுக்க வீசியது. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் கத்தி தானாக ஏறி இறங்கியது. குழாய் முழுக்க நகக்கீறல் மாதிரி மெல்லிய பிளவுகள். அவள் ஒரு துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பழக்கம்.

"இது எப்படிண்ணே தண்ணிய உறிஞ்சும்?"

"எல்லாரும் இதையே கேக்குறீங்க. இது எதையும் உறிஞ்சாதும்மா. சும்மா படுத்துக் கிடக்கும். மண்ணு தனக்கு வேண்டியதப் பிடிச்சு வச்சுக்கும், அத எவனாலயும் பிடுங்க முடியாது. பிடிக்க இடமில்லாம நிக்குது பாருங்க மிச்சம், அது மட்டும் இந்தக் கீறல் வழியா உள்ள வரும். சாய்வு இருந்தா தானா நடந்து வெளிய போயிடும்."

"எவ்வளவு சாய்வு?"

"நூறடிக்கு ரெண்டு விரல் அகலம். நம்ம கண்ணுக்குத் தெரியாது. தண்ணிக்குத் தெரியும்."

நடுவில் கத்தி எதையோ நொறுக்கும் சத்தம் கேட்டது. மண்ணோடு சுட்ட களிமண் சில்லுகள் மேலே வந்தன. முன்பு இதே வேலையை ஒரு முழ நீளக் களிமண் குழாய்களை ஒன்றின் முனையில் இன்னொன்றாக அடுக்கிச் செய்வார்களாம்; இரண்டு குழாய்களுக்கு நடுவில் இருக்கும் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். யார் எப்போது புதைத்தார்கள் என்று மாமனாருக்கே தெரியவில்லை. வண்டல் அடைத்து எப்போதோ செத்துப் போயிருந்தன. அந்தக் களிமண் குழாய்க் காலத்துப் பழக்கத்தில்தான், குழாய் பிளாஸ்டிக் ஆன பிறகும் பெருச்சாளி தன் வேலையை 'ஓடு பதிக்கிறது' என்றே சொன்னார்.

சாயங்காலம் இயந்திரம் போனபோது வயலில் வரிசையாகச் சில மண்வரப்புகள் மட்டும் மிஞ்சின. மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு அவற்றைச் சுற்றிப் பார்த்தார். "புதையல் எடுக்கறவனப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். கையில இருக்கறத எல்லாம் கொண்டுபோய்ப் புதைக்கிறவன எனக்குப் பொறந்தவனாத்தான் பாக்குறேன்."

 கணவன் அன்றைக்கு அவளிடம்தான் பேசினான். இருவரும் வயலோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க அக்கா கடைக்குப் போகணும்னு உனக்கு இருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. ஒரு மழை பாத்துடலாம். பள்ளம் வடிஞ்சு கன்னு பொழைச்சா இங்கயே இருப்போம். வடியலைன்னா வயல குத்தகைக்கு விட்டுட்டு, அப்பாவையும் கூட்டிக்கிட்டு உன்கூட வந்துடறேன். அங்க எனக்கு ஏதாச்சும் வேலை கிடைக்காமலா போயிடும்?"

"சரி" என்றாள். மறுநொடியே சொன்னாள். இவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு தோன்றியது. பள்ளம் வடியும் என்று அவள் ஒரு கணமும் நம்பவில்லை. நம்பாத ஒன்றின்மேல் பந்தயம் கட்டுவது எவ்வளவு சுலபம். அவனுடைய கை முட்டிமேல் மண் காய்ந்து வெடித்திருந்ததைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா பேசிய அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் பொழுது விடியும்வரை விடவில்லை. விடிந்ததும் பள்ளம் முழுக்கத் தண்ணீர். கணுக்கால் உயரக் கன்றுகளின் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. குழாயின் வாய் திறக்கிற கால்வாயும் கரைமுட்ட ஓடியதால் வாய் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. "கால்வாய் எறங்கட்டும், அப்புறம்தான் இது எறங்கும். பதறாதீங்க" என்று பெருச்சாளி போனில் சொன்னார். பதறாமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. அன்று பகல் முழுவதும் கணவன் வீட்டுக்கும் வயலுக்குமாக நடந்தான். அவள் வீட்டுக்குள்ளேயே நடந்தாள். மாமனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் ஒருத்தன்தான் இந்த வீட்டுல கால் நல்லா இருக்கறவன்போல. ஒரே இடத்துல உக்காந்திருக்கேன்" என்றார்.

அடுத்த நாள் காலையில் கால்வாய் இறங்கிவிட்டது. பள்ளம் இறங்கவில்லை.

கணவன் ஒரு குச்சியில் கரியால் கோடுகள் போட்டுப் பள்ளத்தின் நடுவே குத்தினான். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தான். முகத்தில் தூக்கமே இல்லை. "இன்னைக்கு வடியணும். இல்லைன்னா வேர் போயிடும். நான் இங்க நின்னு குச்சியப் பாக்கறேன், நீ வாய்ப்பக்கம் போய்ப் பாரு. போன் பண்றேன்."

அவள் வயலோரமாக நடந்தாள். காற்று அடித்துக்கொண்டிருந்தது. மேட்டுப் பகுதியைத் தாண்டும்போது நின்றாள். ஈரத்தில் கறுத்திருந்த மண்ணில் நேர்நேராக வெளுத்த கோடுகள் தெரிந்தன. ஒரே இடைவெளியில், அளவுகோல் வைத்துப் போட்டது போல. குழாய் கிடக்கும் இடங்களில் மட்டும் மண் முதலில் உலர்ந்திருக்கிறது. அடியில் புதைந்ததை மேல்மண் அப்படியே வரைந்து காட்டிக்கொண்டிருந்தது. அவள் தன்னை மறந்து, "அட" என்றாள். அழகாக இருந்தது.  அப்படியானால் இது வேலை செய்கிறது. வேலை செய்துகொண்டே இருந்து, எங்கோ நின்றிருக்கிறது.

கால்வாய்க் கரையில் இறங்கியதும் புரிந்துவிட்டது. புதிதாக வெட்டிய கரை மழையில் சரிந்து, வைக்கோலும் வேருமாக ஒரு பெரிய மண்கட்டி குழாயின் வாய்மேல் உட்கார்ந்திருந்தது. எலி நுழையாமல் இருக்கப் போட்ட கம்பி வலையின் ஒரு மூலை மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மண்கட்டியின் ஓரத்தில் வேர்த்தது போல ஈரம் கசிந்தது. அவ்வளவு நீளக் குழாய், அவ்வளவு பெரிய இயந்திரம், கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடு எல்லாம் போட்டு, கடைசியில் எல்லாமே ஒரு கை அகல வாயில் வந்து நிற்கிறது.

அவள் குந்தி உட்கார்ந்தாள்.

இதை இன்றில்லாவிட்டால் நாளை யாராவது பார்ப்பார்கள். பெருச்சாளி வந்தால் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் நாளைக்குள் வேர்களுக்கு மூச்சு நின்றிருக்கும். அவனுக்கும் ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கும். அவன் வார்த்தை மாறாதவன். திங்கட்கிழமைக்குள் அக்காவுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பொய்கூடச் சொல்ல வேண்டாம். அவனிடம் தண்ணி வரலைங்க என்றால் அது உண்மைதான். வரவில்லை.

கால்வாய்த் தண்ணீர் காப்பி நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அக்கா கடைத்தெருவின் இரண்டாம் மாடி ஜன்னல்களும், பேருந்துகளின் இரைச்சலும், மேஜையின் மேல் குனிந்த விளக்கும், தெரியாத முகங்களும் அவளுக்குள் ஓடின. அந்தப் பழைய நாற்காலியின் ஒரு கால் குட்டை. மடித்த அட்டையை அடியில் வைத்துத்தான் உட்கார வேண்டும். இப்போதும் அந்த அட்டை இருக்குமா? அவன் அந்தத் தெருவில் எப்படி நடப்பான் என்று யோசித்துப் பார்த்தாள். குறுக்கே போகும் வண்டிகளுக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி நடப்பான். மாமனார் படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து வருகிற போகிறவர்களை எல்லாம் கிண்டல் செய்வார். அவருக்கு அது பிடிக்கவே செய்யும்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய கைகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. எப்போது தொடங்கின என்று அவளுக்கே தெரியாது. கண்ணாடிமேல் ஒரு கறை இருந்தால் துடைக்காமல் விடத் தெரியாத கைகள். வைக்கோலைக் கற்றையாக இழுத்தாள், வேரைப் பிய்த்தாள், வலையில் சிக்கியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டினாள். கட்டி ஒரு பக்கமாக உடைந்து கால்வாய்க்குள் விழுந்தது.

குழாய் ஒரு முறை இருமியது. முதலில் சேறாக வந்தது. பிறகு கலங்கலாக. பிறகு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, துடைத்த கண்ணாடி போலத் தெளிந்தது. பழுப்புக் கால்வாய்க்குள் அந்தத் தெளிந்த தண்ணீர் விழுந்த இடம் மட்டும் தனியாகத் தெரிந்தது. வயல் முழுவதும் நின்ற மழை, பள்ளத்தில் கிடந்தது எல்லாம், ரெண்டு விரல் சாய்வில் நடந்து நடந்து வந்து அவள் முன்னால் கொட்டியது.

போன் அடித்தது.

இடது கையால் எடுத்தாள். வலது உள்ளங்கையை வலையோடு சேர்த்துக் குழாயின் வாய்மேல் வைத்தாள். எதற்காக என்று யாராவது கேட்டிருந்தால், எவ்வளவு வேகம் இருக்கிறது என்று பார்க்கத்தான் என்று சொல்லியிருப்பாள்.

"வருதா?" என்றான் அவன்.

பெரிய வேகம் ஒன்றும் இல்லை. குழந்தை ஒன்று கதவின் அந்தப் பக்கம் நின்று தள்ளுவது போல இருந்தது. ஆனால் விடாமல் தள்ளியது. குளிர் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறியது.

"கேக்குதா? தண்ணி வருதான்னேன்."

கரையின் விளிம்புக்கு மேல் தலையை உயர்த்திப் பார்த்தாள். வயலின் நடுவே, தண்ணீரில் வானம் கிடக்க, அதன் மேல் அவன் சின்னதாக நின்றிருந்தான். காதில் ஒரு கை. இன்னொரு கையை முட்டிமேல் ஊன்றிக் குச்சியைப் பார்க்கக் குனிந்துகொண்டிருந்தான். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கீழே, மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே தண்ணீர் ஒரு வழி கண்டுபிடித்து, நூலாக இறங்கத் தொடங்கியிருந்தது.