மஞ்சள் பாட்டிலும் புது ஈரலும்

ராஜபாளையத்தில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் மட்டும் வாங்கிவந்த காலம் மலையேறிவிட்டது. தொண்ணூற்றேழில் குளுக்கோஸ் பாட்டிலையே வாங்கி வந்தார்கள். அதிலும் விட்டமின் ஊசியைக் கலந்து மஞ்சளாக்கித் தொங்கவிட்டால்தான் சொந்தக்காரர்களுக்கு மனம் ஆறும். நிறமில்லாத பாட்டில் என்றால் வெறும் உப்புத் தண்ணி, தர்மாஸ்பத்திரி வைத்தியம் என்று முகம் சுளிப்பார்கள்.

மயக்க மருந்து டாக்டர் கிருபாபாய்க்கு அந்த மஞ்சளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அன்று தான் வேலை பார்க்கும் நர்சிங் ஹோமுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டதே அதுதான்.

கட்டிலில் கிடந்தவர் சுந்தரபாண்டியன். பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்துக்குச் சொந்தக்காரர். அந்த வட்டாரத்தில் யாருக்கும் இல்லாத ஒன்று அவர் வயிற்றில் இருந்தது. லண்டனில் வைத்துத் தைத்த, யாரோ ஒருவருடைய ஈரல். நல்லபடியாக ஊர் திரும்பியவருக்கு வந்த வாரமே வயிற்றுப்போக்கு. மச்சினன் சேதுபதி ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டிலேயே படுக்கவைத்து, ஊசி குத்த ஆள் பிடித்து, மஞ்சள் பாட்டிலாக ஏற்றித் தள்ளிவிட்டார். வெளியே போன உப்பு திரும்பவில்லை, உள்ளே இருந்ததும் நீர்த்துப்போனது. மனிதர் துவண்டு, பிரஷர் இறங்கி, மூத்திரமும் நின்ற பிறகுதான் காரில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்தார்கள்.

மதுரைக்கு அனுப்பலாம்தான். ஆனால் இந்தப் பிரஷரோடு கிளம்பினால் வழியில் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டுவதே சந்தேகம். முதலில் ரத்த ஓட்டத்தை நிமிர்த்தியாக வேண்டும். கிருபாபாய் மஞ்சள் பாட்டிலை அடைத்துவிட்டு, உப்புகளோடு லாக்டேட்டும் கலந்த ரிங்கர் லாக்டேட் பாட்டிலை எடுத்து வரச்சொன்னாள்.

நர்சிங் ஹோம் முதலாளி டாக்டர் சமுத்திரம் பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

“ஈரல் மாத்துன ஆளுக்கு லாக்டேட்டாம்மா? அத உடைக்க வேண்டியதே ஈரல்தானே. பேசாம சலைன் போடு.”

அவர் படித்த காலத்துப் பாடம் அது. இவளும் அதைப் படித்தவள்தான். ஆனால் ஆளைப் பார்க்காமல் பாடத்தைப் பார்ப்பதில் அவளுக்கு நம்பிக்கையில்லை. கண்ணில் மஞ்சள் இல்லை, ரத்தம் ஒழுங்காக உறைகிறது, கூப்பிட்டால் பதில் வருகிறது. உள்ளே இருக்கிற ஈரல் வேலை செய்கிறது என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வயிற்றுப்போக்கில் காரம் போய் ரத்தத்தில் அமிலம் ஏறிக்கிடக்கிறது. சலைனை மட்டும் லிட்டர் லிட்டராக ஊற்றினால் அது இன்னும் ஏறும். வேலை செய்கிற ஈரல் லாக்டேட்டை அந்தக் காரமாகவே மாற்றிக் கொடுத்துவிடும். இதையெல்லாம் அவள் பொறுமையாகவே சொன்னாள்.

சேதுபதி காதில் ஒன்றும் ஏறவில்லை. மயக்க ஊசி போடுகிற அம்மாவுக்கு ஈரலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். கடல் தாண்டி வந்த ஈரலைப் பச்சைப்பிள்ளை போலப் பொத்தி வைத்திருக்கிறோம், அதற்குச் சத்துதான் வேண்டும் என்றார். ஆபரேஷன் செய்த லண்டன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள், யாரும் எடுக்கவில்லை. சமுத்திரம் எல்லாருக்கும் கேட்கும்படி, இதில் தனக்குச் சம்பந்தமில்லை, எது நடந்தாலும் கிருபாபாய்தான் பொறுப்பு என்று கையைக் கழுவிவிட்டார்.

அவளுக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. பயமும் இருந்தது. நேராகக் கட்டிலருகே போய்க் குனிந்து, இரண்டு பக்கத்து வாதத்தையும் சுந்தரபாண்டியனிடமே சுருக்கமாகச் சொன்னாள். அத்தனை பேர் கூடியிருந்தும் அவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அவர் மனைவி செல்லக்கனிக்கே அது திகைப்பாக இருந்தது. அவியகிட்டப் போயி இதெல்லாம் கேக்கலாமா என்று முணுமுணுத்தாள்.

சுந்தரபாண்டியன் உதட்டை நனைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

“ஏந் தறியில வேலைக்கு வந்தவன ஒரு நாளும் நான் சும்மா உக்கார வச்சதில்ல. இந்தப் புது ஈரலுக்கும் வேலையக் குடுங்கம்மா.”

செல்லக்கனி தன் அண்ணன் சேதுபதியைத் திரும்பிப் பார்த்து, “இனி நீ பேசாத” என்றாள்.

லாக்டேட் இறங்கியது. கிருபாபாய் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவள், டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை. பிரஷர் முதலில் அசையவேயில்லை. வாசலில் நின்ற சேதுபதி, கேட்கட்டும் என்றே அவளை ஏசினார். பொழுது சாய்கிற நேரத்தில் நாடி நிமிர்ந்தது. அதன்பின் கட்டிலுக்கடியில் தொங்கிய பையில் சொட்டுச் சொட்டாக மூத்திரம் வந்தது. செல்லக்கனி அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மதுரைக்குக் கார் தயாரானது. அதுவரை அறைப்பக்கமே எட்டிப்பார்க்காத சமுத்திரம் இப்போது சேதுபதியின் தோளில் கை போட்டபடி வந்தார். நாங்கள் கலந்து பேசித்தான் லாக்டேட் போட்டோம், எங்கள் ஆஸ்பத்திரியில் எப்போதும் அப்படித்தான் என்றார். சேதுபதியும் அதற்குத் தலையாட்டினார்.

கிருபாபாய் நின்றாள். நாளைக்கு இந்த வேலை இருக்குமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

“தோத்தா நான், ஜெயிச்சா நாமளா சார்? நீங்க வேணாம்னீங்க. நான் போட்டேன்.”

சமுத்திரத்தின் கை சேதுபதியின் தோளிலிருந்து தானாக இறங்கியது. அவள் இன்னொரு லாக்டேட் பாட்டிலை எடுத்துக்கொண்டு காரில் ஏறி, சுந்தரபாண்டியன் பக்கத்தில் உட்கார்ந்து, டிரைவரை வண்டியை எடுக்கச் சொன்னாள்.