தலையிடி

டொக்டர் கண்மணி சின்ன டோர்ச் லைட்டை என் கணவரின் கண்ணில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவரை விளையாட விடாதே தாயே என்று நான் மனதுக்குள் அம்மாளாச்சியை மன்றாடிக்கொண்டிருந்தேன்.

ஒனிஹங்காவில், மைதானத்து உடைமாற்றும் அறை அது. வெளியே ஓய்வுபெற்ற ரக்பி லீக் வீரர்களின் காட்சி ஆட்டத்துக்கு ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். என் கணவர் பிருந்தன் ஃபார்வர்டாக இருந்தவர். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மலை மாதிரி நிற்கும் மூன்று பேருக்குள் முட்டிக்கொண்டு போவதுதான் ஃபார்வர்டின் உத்தியோகம். பல வருடம் சம்பளத்துக்கு முட்டினார். விலகியபோது முழங்கால் பழுது என்று பேப்பரில் போட்டார்கள். பழுது முழங்காலில் இல்லை, தலையில்.

அண்மையில் ஹென்டர்சனுக்குக் காரில் போனவர், காரை அங்கேயே விட்டுவிட்டு, கிளென் ஈடனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ரயிலில் திரும்பி வந்து, காரைக் களவெடுத்துவிட்டார்கள் என்று பொலிசுக்குப் போன் பண்ணினார். எங்கள் மகள் கஜானியைச் சில நேரம் தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். இந்தத் தலையில் இன்னும் ஓர் அடி விழுந்தால் என்ன மிஞ்சும்?

வாயைத் திறந்து டொக்டரிடம் சொல்லித் தொலைக்கலாமே என்பீர்கள். கஜானியின் தலையில் என் கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தார் மனுசன், இந்த விஷயத்தை நானாக எவரிடமும் எடுக்கக்கூடாது என்று. எல்லாவற்றையும் மறக்கிறவருக்கு இது மட்டும் மறக்கவில்லை.

"யானை படுத்தாலும் குதிரை மட்டம், டொக்டர்," என்றார் மூலையில் இருந்த மாமா சற்குணம், இவரின் அப்பா. மகனின் பூட்ஸ் பையை மடியில் வைத்திருந்தார். மகன் ஆடிய காலத்துப் பெருமையில்தான் அவருக்கு இன்னும் சோறு இறங்குகிறது.

டொக்டர் தமிழ்நாட்டுக்காரி. சிரித்துக்கொண்டே பிரஷர் பார்த்தாள். "கொஞ்சம் அதிகமா இருக்கே."

மாமா பதறிப்போய் உதவிக்கு வந்தார். "அது ஒண்டுமில்லைப் பிள்ளை. காலமை தொடக்கம் அவனுக்குத் தலையிடி."

டொக்டரின் கை அப்படியே நின்றது. "தலை இடியா? எப்போ, அங்கிள்?"

"எழும்பேக்கையே. பிறகு காருக்குள்ளை ஏறேக்கை இன்னும் பலமா."

"ஒரே நாள்ல ரெண்டு தடவையா!"

"அவனுக்கு இது பழக்கம். தலையிடியோடை எத்தினை மாட்ச் விளையாடினவன்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். எங்கள் ஆட்கள் தலையிடிக்குக் குளிசை கேட்பார்கள். தமிழ்நாட்டு ஆட்கள் தலைவலிக்கு மாத்திரை கேட்பார்கள். வியாதி ஒன்றுதான். ஆனால் மாமா வலியைச் சொல்ல, இந்தப் பெண் இடிபட்டதாக விளங்கிக்கொண்டாள். காரின் கூரையில் இவர் நங்கென்று முட்டுவதை அவள் மனக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும்.

"இன்னைக்குத் தலைல இடிச்சுக்கிட்டீங்களா, பிருந்தன்?"

"நோ, டொக்டர். ஒரு இடியும் இல்லை. ஐ ஆம் ஃபைன்."

ஆயுளிலேயே முதல்தடவையாக ஒரு டொக்டரிடம் அடிபடவில்லை என்று உண்மை சொன்னார். அவள் நம்பவில்லை.

"எல்லா பிளேயரும் இதைத்தான் சொல்வாங்க," என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. அங்கிள் சொன்னது நிஜமா?"

வெளியே ஒலிபெருக்கி வீரர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கியது. பிருந்தன் என்னையே பார்த்தார். என் உள்ளங்கையில் கஜானியின் தலைமுடி இன்னும் ஒட்டியிருப்பது போலிருந்தது. நானாக இந்தப் பேச்சை எடுக்கவில்லை, அம்மாளாச்சி. கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

"ஓம் டொக்டர். தலையிடிதான்."

"அப்போ இன்னைக்கு ஆட முடியாது. ரூல் அது."

"ஒரு பனடோல் குளிசை போட்டால் மாறிடும் பிள்ளை!" என்று மாமா எழும்பினார். டொக்டர் அவரைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

கார் நிறுத்துமிடத்துக்கு வரும்வரை மாமா புறுபுறுத்துக்கொண்டே வந்தார். "தலையிடிக்கு ஆரும் மாட்ச்சை நிப்பாட்டுவினமே?" பிருந்தன் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ பிழையா விளங்கினவ," என்றார் பிருந்தன்.

"தெரியும்," என்றேன். "நான் வேணுமெண்டுதான் விட்டனான்."

"எனக்கும் தெரியும்."

"அப்ப தலைக்குள்ளை நோகுது, அவ்வளவுதான் எண்டு சொல்லியிருக்கலாமே? விட்டிருப்பா."

அவர் அந்தப் பெரிய கைகள் இரண்டையும் முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டார்.

"சொல்லியிருந்தால் விளையாடியிருக்க வேணும், ராகவி."

பின் சீட்டில் மாமா பூட்ஸ் பையை மடியிலிருந்து கீழே இறக்கி வைத்தார். மைதானத்தில் விசில் ஊதிச் சனம் ஆரவாரித்தது. அந்தச் சத்தத்துக்கு இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஒவ்வொரு நாளும் தலையிடி," என்றார். "சத்தியம் ஒண்டும் வேண்டாம். போய் அவவிட்டை எல்லாத்தையும் சொல்லு. அவவின்ரை தமிழிலை சொல்லு."

நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.