லொவானாத் தூதரகம் பால் காய்ச்சியது

லொவானா என்றொரு நாடு இருப்பதே, அதன் அலுவலகத்தில் வேலை கிடைத்த பிறகுதான் பாலாம்பிகைக்குத் தெரியும். பசிபிக் கடலில் கிடக்கும் சின்னத் தீவு. கனடாத் தலைநகர் ஒட்டாவாவில் பெரிதாகத் தூதரகம் போட வசதியில்லாமல், அந்த அரசு மொன்றியால் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மாடியில் துணைத் தூதரகம் திறந்தது. கீழே அவளுடைய கணவர் உருத்திரமூர்த்தியின் டெப்பனர், அதாவது பால், பாண் விற்கிற சின்னக் கடை. மேலே துணைத் தூதர் றோசா. அவருக்கு இருந்த ஒரே அலுவலர் பாலாம்பிகை. கோழி வெட்டும் தொழிற்சாலைக் குளிரிலிருந்து தப்பி, சேலை கட்டி மேசைக்கு முன்னால் உட்காரும் வேலை. அதை விட்டுக்கொடுக்க அவள் தயாராயில்லை.

அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து. லொவானாவின் பிரதமர் கறாரான மனிதர். அலுவலகத்தின் முதல் கொடியேற்றத்தில் சீருடை போட்ட கனடாக்காரர் நிற்கிற படம் வராவிட்டால், யாரும் மதிக்காத அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். றோசா பொலிஸையும் ராணுவத்தையும் அழைத்திருந்தார். கொடியேற்ற நாள் விடியவே பனிப்புயல். எல்லோரும் வர இயலாதென்று செய்தி அனுப்பிவிட்டார்கள்.

றோசா சுருட்டிய கொடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாயிருந்தது. பாலாம்பிகைக்குக் காரணம் சட்டென்று விளங்கியது. பால் காய்ச்சாமல் குடிவந்தால் வேறென்ன நடக்கும்? கீழே கடையில் போய்ப் பால் கேட்டதும் உருத்திரமூர்த்தி தலையிலடித்துக்கொண்டார்.

"இது ஒரு நாட்டின்ரை கந்தோரப்பா. இஞ்சை ஆரும் பால் காய்ச்சுவினமே?"

"நாடெண்டாலும் குடிபூரேக்கை பால் பொங்கத்தான் வேணும். கொண்டு வாங்கோ."

றோசாவுக்கு மறுக்கவும் தெம்பில்லை. சூட்டைக் குறைக்க முடியாதபடி பழுதாய்க் கிடந்த மின்னடுப்பில் சட்டி ஏறியது. கிழக்குப் பக்கம் பொங்கினால்தான் விசேஷமென்று பாலாம்பிகை அதைக் கொஞ்சம் சரித்து வைத்தாள். பால் கிழக்கே நன்றாகவே பொங்கியது. பொங்கியதெல்லாம் சிவந்து கிடந்த அடுப்பில் வழிந்து கருகி, அறை முழுக்கப் புகை. அலாரம் அலற, கட்டடமே தெருவுக்கு வந்துவிட்டது. தன் வேலையைத் தன் கையாலேயே கருக்கிவிட்டோமென்று பாலாம்பிகை அழுதேவிட்டாள்.

சற்று நேரத்தில் பனியைத் தள்ளிக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்து நின்றது. கோடரியும் தலைக்கவசமுமாக ஆறு பேர் படியேறினார்கள். ஆறு பேரும் சீருடையில்.

பாலாம்பிகை அழுகையை நிறுத்தி றோசாவைப் பார்த்தாள். றோசா ஏற்கெனவே கொடியை விரித்துக்கொண்டிருந்தார்.

கருகிய சட்டியைத் தவிர அணைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், றோசா பிரெஞ்சில் மெல்லக் கேட்டார். அவர்களின் தலைவர் மீசையைத் தடவிச் சிரித்தார். கொடி ஏறும்போது ஆறு பேரும் வரிசையாக நின்று விறைப்பாக சல்யூட் அடித்தார்கள். உருத்திரமூர்த்தி படம் எடுத்தார். மிஞ்சிய பாலில் எல்லோருக்கும் தேநீர்.

படத்தின் கீழே "சீருடை அணிந்த கனேடியர்களுடன்" என்று மட்டும் எழுதி றோசா அனுப்பினார். அதில் பொய்யொன்றும் இல்லையே.

மறுநாள் பதில் வந்தது. பிரதமர் உருகிப்போயிருந்தார். அலுவலகத்தைப் பூட்ட வேண்டாமாம். அடுத்த மாதம் தானே நேரில் வருகிறாராம். அதே அணிவகுப்பு மரியாதை தனக்கும் வேண்டுமாம்.

பாலாம்பிகை படியிறங்கிக் கடைக்குப் போனாள்.

"இஞ்சருங்கோ, வாற மாசத்துக்கும் பால் எடுத்து வையுங்கோ. அந்த அடுப்பைத் திருத்திப் போடாதேங்கோ."